பேர் எழுதாத கவர்

டாக்டர் அந்தக் காகிதக் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத பழுப்பு நிறக் கவர். ஒரு பக்கத்தில் நீலப் பேனாவால் கதிர்களோடு ஒரு சூரியன், அதற்குக் கீழே ஒரு பிறை. மருந்தின் பேர், கடையின் பேர், ஒன்றும் இல்லை.

“இதுக்குள்ள என்ன மாத்திரை இருந்துச்சு?”

“வலி மாத்திரை, மேடம். செட்டு” என்றாள் சபிதா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

கட்டிலில் அவள் கணவன் ரஞ்சன் கிடந்தான். முப்பது வயது ஆகாதவன். லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்கி இறக்கியவன். இப்போது உதடு வெடித்து, கண் பாதி மூடி, கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. நர்ஸ் இரண்டாம் முறை பிரஷர் பார்த்துச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு படம்லாம் போட்டுக் குடுத்திருக்காங்க. பேரை எழுதணும்னு மட்டும் தோணல பாருங்க” என்று நர்ஸிடம் சொன்னார்.

அந்தச் சூரியனையும் பிறையையும் வரைந்தது நான்.

மருந்துக் கடையில் நின்ற வருஷங்களை வாராவாரம் எழுத ஆரம்பித்ததிலிருந்து இந்த ஒன்றைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சிரிக்கிற சம்பவங்கள் நிறைய இருந்தன. அவற்றை முதலில் எழுதித் தீர்த்தேன். இனிமேல் தள்ள முடியாது.

கவுண்டரின் இரண்டு பொழுது

கடை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். டி.பார்ம் படித்தவள். சாமி படத்துக்குப் பக்கத்தில் என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார் ஓனர் ஜெயபால். கடை அவருடையது, சட்டப்படி மருந்துக்குப் பொறுப்பு என்னுடையது.

பகலில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஒரு இருமல் மருந்துக்கு இருபது நிமிஷம் நிற்பார்கள். பாட்டிலில் எறும்பு எழுத்தில் இருப்பதையெல்லாம் கண்ணாடி மாட்டிப் படிப்பார்கள், போனில் தேடுவார்கள். “இது தூக்கம் வரவைக்குமா? வயிற்றைக் கெடுக்குமா?” என்று என்னைப் பரீட்சையில் உட்காரவைத்த மாதிரிக் கேட்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேறு கூட்டம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அந்த வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளைக் கட்டுகிறவர்கள். கை, புருவம் எல்லாம் சிமெண்ட் பூத்திருக்கும். தோளைத் தொட்டு “தர்த்” என்பார்கள், வலியென்று. இடுப்பைத் தொட்டு “தர்த்” என்பார்கள். அவர்களிடமிருந்து ஒரு கேள்வியும் வராது.

நானும் எதுவும் கேட்டதில்லை.

செட்டு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடம்பு வலியென்று மருந்துக் கடையில் சொன்னால், மூன்று நான்கு மாத்திரைகளைத் தனித்தனியாக வெட்டி ஒரு கவரில் போட்டுத் தருவார்கள். அதுதான் செட்டு. டாக்டர் சீட்டு தேவையில்லை.

எங்கள் கடை செட்டில் ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, அவற்றோடு ஒரு குட்டி வெள்ளை மாத்திரை. மிளகு அளவுதான் இருக்கும். அது பெரிய டப்பாவில் உதிரியாக வரும். எங்கள் செட்டுக்கு இருந்த பேருக்கெல்லாம் அந்தக் குட்டி மாத்திரைதான் காரணம். வாங்கிப் போட்டவர்கள் மறுநாள் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அது ஸ்டீராய்டு.

எனக்குத் தெரியும். டப்பாவில் பேர் இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு தடவை ஜெயபால் சாரிடம் கேட்டேன்.

“இத்த போய் செட்டுல போடலாமா சார்?”

“கம்மி பவர்ம்மா. ஒரு நாள் ரெண்டு நாள் போடறவனுக்கு இன்னா ஆவப் போவுது? எல்லாக் கடையிலயும் போடறாங்க.”

ஒரு நாள், இரண்டு நாள் என்றுதான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதே ஆள் மறு வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் என் கை தானாகவே டப்பாவுக்குப் போகப் பழகிவிட்டது.

படம் போடும் யோசனை மட்டும் என் சொந்த யோசனை. அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. ஒவ்வொரு கவரிலும் பொறுமையாக வரைவேன். என்னைவிட அக்கறையாக யாரும் மருந்து கொடுக்க முடியாது என்று நினைத்துக்கொள்வேன்.

கண் வரிசையில் நின்ற தோள்வலி

ரஞ்சனும் சபிதாவும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவன் சென்ட்ரிங் வேலை, அவள் கலவை சுமக்கிறவள். கட்டுகிற கட்டடத்துக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகையில் குடித்தனம். சபிதா தமிழைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கடையில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படும் சாமான்களை எனக்காகக் காத்திருந்து வாங்குவாள். அப்படித்தான் அக்கா, தங்கை ஆனோம். என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

ரஞ்சனுக்கு வலது தோளில் வலி. கம்பியும் பலகையும் தூக்கித் தூக்கி வந்தது. “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போப்பா, காசு கேக்க மாட்டாங்க” என்று நானே ஒருமுறை அனுப்பினேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனான். எங்கே நிற்பதென்று கேட்கத் தெரியவில்லை. நீளமாக இருந்த வரிசை ஒன்றில் நின்றான். மத்தியானம் அவன் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் கண் டாக்டர். அவரும் பாவம், இவன் தோளைத் தட்டிக் காட்டியது புரியாமல், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, “கண்ணு நல்லாருக்குது, போ” என்று அனுப்பிவிட்டார்.

அதைக் கடையில் வந்து நடித்துக் காட்டினான். நானும் ஜெயபால் சாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் செட்டு போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

தினமும் இரண்டு வேளை. ஒரு வருஷத்துக்கு மேல்.

குண்டாகிவிட்டான்

இடையில் அவன் முகம் உருண்டு வந்தது. கன்னம் உப்பி, கண் சிறுத்து, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. கையும் காலும் மட்டும் மெலிந்தே இருந்தன. சபிதாவுக்கு ஒரே பெருமை. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினாள்.

“தமிழ்நாட்டுச் சோறு ஒத்துக்கிச்சுடி உம் புருஷனுக்கு” என்று கேலி செய்தேன்.

“அக்கா, அங்க எல்லாரும் சொல்லுது, நல்லா சாப்பாடுன்னு” என்று வெட்கப்பட்டாள்.

ஒருநாள் அவன் முழங்கையில் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. எங்கே இடித்தாய் என்று கேட்டேன். இடிக்கவில்லை என்றான். தடவிக்கொள்ளக் களிம்பு கொடுத்தேன். இத்தனையையும் பார்த்தவள் நான். இவை ஒவ்வொன்றையும் ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் என்று பரீட்சையில் வரிசையாக எழுதி மார்க் வாங்கியவளும் நான்தான். தாளில் எழுதியதும் கவுண்டருக்கு வெளியே நின்ற ஆளும் என் தலைக்குள் ஒன்றாகச் சேரவே இல்லை.

போன்

கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு முன்னால் ஊருக்குள் வண்டிகளை விடமாட்டார்கள். ஜல்லியும் மணலும் வராமல் வேலை நின்றது. மேஸ்திரி ஆட்களை வேனில் ஏற்றி, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி வயலுக்கு நடுவே ஒரு குடோன் வேலைக்குக் கொண்டுபோய் இறக்கினார். பக்கத்தில் கடையில்லை. ரஞ்சன் கையிலிருந்த கவர்கள் இரண்டு நாளில் தீர்ந்தன.

எங்கள் கடையில் தீபக் கூட்டம். வாந்தி மாத்திரையும் கால்வலித் தைலமும் கொடுத்து முடியவில்லை. ரஞ்சன் வராததை நான் கவனிக்கக்கூட இல்லை.

தீபம் முடிந்து சில நாள். காலை பதினொரு மணி இருக்கும். சபிதா போன் செய்தாள்.

“அக்கா, அவரு எழுந்திரிக்கலே. வாந்தி, வாந்தி. ஆஸ்பத்திரியில என்னா கேக்குதோ புரியலே. நீ வா அக்கா.”

ஓனரிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஓடினேன். போகும் வழியெல்லாம் மனசில் ஒரு நிறைவு இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு இந்த ஊரில் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறதே, அது நானாக இருக்கிறேனே என்று. அந்த நிறைவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மேஸ்திரி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போய்விட்டார். கெட்டுப்போன சாப்பாடாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா என்று டாக்டர் கேட்க, நான் அதைச் சபிதாவுக்குப் புரியவைக்க, அவள் தன் துணிப்பையைப் பெஞ்சில் கொட்டினாள். ஆதார் அட்டை, சீப்பு, சார்ஜர், காலிக் கவர்கள்.

டாக்டர் ஒன்றை எடுத்தார்.

மூன்று நிமிஷம்

நான் உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

சொல்லவில்லை. கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும் என் சான்றிதழ் கண்முன் வந்தது. என் பேர், என் பதிவு எண். போலீஸ் வருமா, வேலை போகுமா, வீட்டில் என்ன சொல்வது? அவனுக்கு நரம்பு கிடைக்காமல் நர்ஸ் ஒரு கையை விட்டு மறு கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நரம்பைத் தேடி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று நிமிஷம் இருக்கும்.

சபிதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அக்கா, நீ சொல்லு அக்கா, உனக்குத் தெரியும்ல, அது என்னா மாத்திரை?”

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நம்பிக் கேட்டாள்.

“மேடம், அது ஸ்டீராய்டு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மாத்திரையின் பேரையும் பவரையும் சொன்னேன்.

டாக்டர் சட்டென்று திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் குடுத்தேன். அந்தக் கடை பார்மசிஸ்ட்.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷத்துக்கு மேல. தினமும் ரெண்டு வேளை.”

“நிறுத்தி?”

சபிதாவிடம் கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். எட்டு நாள்.

டாக்டர் ஒரு ஊசி மருந்தின் பேரைச் சொல்லி, “சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்தினார். குளுக்கோஸ் ஏறியது, சலைன் ஏறியது. வெளியிலிருந்து ஸ்டீராய்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையும் நின்றால் உடம்பில் இரண்டும் இல்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது பாடப் புத்தகத்தில் அடிக்கோடிட்ட ஒரு வரி. அந்த அடிக்கோட்டை என் கையால் போட்டிருந்தேன்.

நான்கு மணிக்கு ரஞ்சன் கண்ணைத் திறந்தான். பசிக்கிறது என்றான். சபிதா என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான்தான் அவனைக் காப்பாற்றியதாக அவள் நினைத்தாள். கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இன்னும் கொஞ்ச நேரம் பேர் தெரியாம இருந்திருந்தா ஆள் போயிருப்பான்” என்றார். பிறகு, “இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்ததே இல்லை.

கடையில்

மறுநாள் காலை ஜெயபால் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கடை பேர சொல்ட்டியா?” என்றார் முதலில்.

“சொன்னேன் சார்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நான் போடலன்னா பக்கத்துக் கடையில வாங்குவான். அவனுக்கு வேலைக்குப் போவணும், ஒடம்பு ஒத்துழைக்கணும். நம்மளா அவன மூட்ட தூக்கச் சொன்னோம்?” என்றார்.

“சார், நிறுத்தினா உயிர் போவும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சத்தியமா தெரியாதும்மா.” சுவரிலிருந்த என் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தார். “நான் இன்னா படிச்சேன்? பத்தாவது. நீதான படிச்சவ? நீ சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா, தெரியாது. மருந்து ஆய்வாளருக்கு நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது, கடை கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. நானும் தண்டனைக்கு உட்பட்டேன். ஜெயபால் சார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

குடோனுக்குப் பின்னால்

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் ஒரு கிராம நர்ஸும் என்னோடு குடோன் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார்கள். செட்டு சாப்பிடுகிறவர்கள் யார் என்று சபிதாவை விட்டுக் கேட்டோம். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர், இரண்டு பேர் என்று ஒன்பது பேர் முன்னால் வந்தார்கள். எனக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது.

தள்ளிப் படுத்திருந்த ஒருவரை நர்ஸ் எழுப்பினார். பிரஷர் தரைமட்டத்தில் இருந்தது. அவரையும் அன்றே கொண்டுபோய்ச் சேர்த்தோம். காலில் ஆறாத புண்ணோடு ஒருவர். சர்க்கரை ஏறிப்போய் அது தெரியாமலே இன்னொருவர். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வயசாகிறது, ஊர் நினைப்பு என்று ஒவ்வொருவரும் தங்கள் நோய்க்குத் தாங்களே ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

“உடனே நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்” என்று டாக்டர் சொல்ல, சபிதா அதை ஒடியாவிலும் இந்தியிலும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் அட்டை எழுதினார்கள். மாத்திரையின் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினோம்.

வீடியோவில் வந்தவர்

ரஞ்சன் தேறி, ஓய்வுக்காக ஒடிசா போனான். ஒரு மாதம் கழித்து வீடியோவில் கூப்பிட்டான். முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. “அக்கா, அப்பாவை பாரு. பேசணும்னு சொல்லுது” என்று போனைத் திருப்பினான்.

கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். குச்சிக் கை, குச்சிக் கால். அவற்றின் மேல் உருண்டு திரண்ட முகம்.

எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ரஞ்சன், அப்பா இன்னா மாத்திர சாப்பிடறாரு?”

“உன் மாத்திரைதான் அக்கா. முட்டி வலிக்கு. ஊருக்கு யாரு போனாலும் குடுத்து அனுப்பும். ஒரு வருஷமா ரொம்ப நல்லா நடக்குது.”

“உனக்கு ஆஸ்பத்திரியில அவ்ளோ ஆச்சே! அவருக்கும் அதே மாத்திரன்னு சொல்லலியா நீ?”

“எனக்கு நிறுத்தினதாலதானே வந்துச்சு? அப்பா நிறுத்தலியே” என்றான். அவன் புரிந்துகொண்டது அவ்வளவுதான். நாங்கள் அவனுக்குப் புரியவைத்ததும் அவ்வளவுதான்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தின் பேரை எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் ஊரிலிருந்து டாக்டர் இருக்கும் டவுனுக்கு ஒரு நாள் பஸ் பயணம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொன்னார்களாம். இப்போது அவர் தடி ஊன்றி நடக்கிறார்.

ஆனால் அந்த முதல் போனில் அவருக்கு இதெல்லாம் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டார். நடக்கவைத்த மகராசி என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கும்பிட்ட கையை இறக்காமலே என்னை உற்றுப் பார்த்தவர், மகனிடம் ஏதோ கேட்டார்.

“என்னா கேக்குறாரு?”

ரஞ்சன் தயங்கினான். “நல்ல மருந்து குடுத்த பொண்ணு ஏன் அழுவுதுன்னு கேக்குது அக்கா.”

“நான் தப்பான மருந்து குடுத்துட்டேன்னு சொல்லு.”

அவன் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டாவது முறை சொன்ன பிறகு, அவர் பக்கம் திரும்பி மெதுவாகப் பேச ஆரம்பித்தான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெரியவர் கைகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின.